நேசமணியின் வழக்கும் நம் வழக்கும்

1956ஆம் ஆண்டு நவம்பர் முதல் தேதியன்று, மாநிலச் சீரமைப்பு என்ற ஒரே ஏற்பாட்டின் கீழ் இரண்டு காரியங்கள் நடந்தன. தோவாளை, அகத்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுகாக்கள் திருவிதாங்கூர்-கொச்சியிலிருந்து பிரிந்து, கன்னியாகுமரி மாவட்டம் என்ற பெயரோடு தாய்த் தமிழகத்தில் சேர்ந்தன. வங்கக் கடலுக்கு இப்பால், அந்தமான் நிக்கோபார் தீவுகள் மத்திய அரசின் நேரடி ஆட்சிப் பகுதியாயின.

முதற் காரியம் தானாக நடந்துவிடவில்லை. அதன் பின்னால் ஓர் இயக்கம் இருந்தது. சிறையும் தடியடியும் இருந்தன. துப்பாக்கிக் குண்டுக்குப் பலியான ஏழைத் தொண்டர்களின் ரத்தம் இருந்தது. அத்தனையையும் ஒரு வழக்குக் கட்டாகக் கட்டி டில்லியின் மேசைமேல் வைக்க, நாகர்கோவிலிலிருந்து ஒரு வக்கீல் புறப்பட்டுப் போனார். இரண்டாவது காரியத்திலோ தீவு மக்களின் வாக்குக்கு இடமே இருக்கவில்லை. அன்று இத்தீவுகளின் மக்களவை உறுப்பினரைக்கூட ஜனாதிபதிதான் நியமித்தார்.

அந்த வக்கீலின் பெயர் ஏ. நேசமணி. ‘மார்ஷல்’ என்றும் ‘குமரித் தந்தை’ என்றும் அவரை அழைப்பார்கள். குமரி மாவட்டத்தில் அவர் பெயர் தெரியாத வீடு கிடையாது. நம் தீவுகளிலோ தமிழர்களுக்கே அவர் பெயர் அதிகம் தெரியாது.

ஷாதிபூரிலும் ஹாடோவிலும் ஜங்லிகாட்டிலும் வாழும் நாம் ஏன் அவரைப் படிக்க வேண்டும்? பிறர் கையில் இருக்கும் ஆட்சியின் கீழ் ஒரு மொழிச் சிறுபான்மை தன் உரிமையை எப்படி நிரூபிக்க வேண்டும் என்பதை அவருடைய வாழ்க்கை காட்டுகிறது. அதைவிட முக்கியமானது ஒன்று உண்டு. அவர் எங்கே தோற்றார், ஏன் தோற்றார் என்பது நம்மை நேராகத் தொடும் செய்தி. அவர் தோற்ற இடத்தில் வாழ்ந்தவர்கள் நம்மைப் போன்றவர்கள். பிழைப்புத் தேடி மலையேறிப் போன கூலித் தமிழர்கள்.

நாற்காலியும் முக்காலியும்

நேசமணி 1895ஆம் ஆண்டு ஜூன் 12ஆம் தேதி, தெற்குத் திருவிதாங்கூரில் பள்ளியாடி என்னும் சிற்றூரில் பிறந்தார். கிறிஸ்தவ நாடார் குடும்பம். அந்தச் சமூகத்தின் பெண்கள் மேலாடை அணியும் உரிமைக்காக அடிபட்டு, உதைபட்டு, கடைசியில் 1859இல்தான் மன்னரிடமிருந்து அதற்கான விளம்பரத்தைப் பெற்றார்கள் என்பதை நாம் நினைவில் கொள்ள வேண்டும். அந்தப் போராட்டம் முடிந்து நாற்பது ஆண்டுகூட ஆகாத காலத்தில் பிறந்த பிள்ளை, நாகர்கோவிலிலும் திருவனந்தபுரத்திலும் படித்துச் சட்டம் தேறி, 1921இல் நாகர்கோவில் நீதிமன்றத்தில் வக்கீலாகப் பெயர் பதிந்து கொண்டது.

அந்நாளைய நாகர்கோவில் பெரிய பட்டணம் அன்று. ஆனால் அங்கே சாதி பெரிதாக இருந்தது. நீதிமன்றத்தில் உயர்ந்த சாதி வக்கீல்களுக்கு நாற்காலி. ஒடுக்கப்பட்ட சாதிகளிலிருந்து படித்து வந்த வக்கீல்களுக்கு முக்காலி. குடிக்கும் தண்ணீர்ப் பானையும் தனித்தனி. நேசமணி முதல் நாளே முக்காலியைக் காலால் தள்ளிவிட்டு நாற்காலி போட்டு உட்கார்ந்தார் என்று குமரி மாவட்டத்தார் இன்றும் சொல்வார்கள். தனிப் பானையும் பிறகு போயிற்று. சட்டம் படித்தவனுக்கே நீதிமன்றத்துக்குள் சமநீதி இல்லை என்றால், படியேறி வரும் கட்சிக்காரனுக்கு என்ன இருக்கும்? அந்தக் கேள்வியோடுதான் அவருடைய பொதுவாழ்வு தொடங்கியது.

பின்னர் அதே நாகர்கோவில் வழக்கறிஞர் சங்கத்துக்கு அவர் தலைவரானார். நகரசபைத் தலைவரானார். திருவிதாங்கூரின் ஸ்ரீமூலம் சட்டசபையிலும் உறுப்பினரானார். இந்த வரிசையை வாசகர்கள் கவனிக்க வேண்டும். அவர் ஒரே தாவலில் டில்லிக்குப் போனவர் அல்லர். முதலில் தம் தொழிற் சங்கம், அடுத்து தம் ஊர், அடுத்து தம் சமஸ்தானம், அதற்குப் பிறகே நாடாளுமன்றம். கால் நூற்றாண்டு காலம் சின்ன ஊரில் சின்ன மனிதர்களின் நில வழக்கையும் அடிதடி வழக்கையும் நடத்தியவருக்கு, ஒவ்வொரு கிராமத்திலும் தெரிந்த முகம் இருந்தது. பின்னாளில் அவர் பின்னே திரண்ட கூட்டம், மேடைப் பேச்சு ஒன்றினால் மட்டும் திரண்ட கூட்டம் அன்று.

வாக்குச் சீட்டே சாட்சி

திருவிதாங்கூர் அரசின் நடைமுறை மலையாளத்தில் நடந்தது. தெற்குத் தாலுகாக்களில் வாழ்ந்தவர்களில் பெரும்பான்மையோர் தமிழர்கள். மனு எழுதுவதும் பிள்ளையைப் படிக்க வைப்பதும் உத்தியோகம் தேடுவதும் வேறொரு மொழியின் வாசலில் காத்து நின்றுதான் ஆக வேண்டும். இத்தீவுகளில் அலுவலகச் சன்னலின் முன்னே இந்தி விண்ணப்பத்தைக் கையில் வைத்துக்கொண்டு, பக்கத்தில் நிற்பவரிடம் நிரப்பித் தரச் சொல்லும் நம் தாய்மார்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

1945 டிசம்பரில் சாம் நத்தானியல் முதலானோர் நாகர்கோவிலில் கூடித் தமிழர்களுக்கென ஓர் அரசியல் அமைப்பைத் தொடங்கினார்கள். அடுத்த ஆண்டு அது திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் என்று பெயர் பெற்றது. 1947 செப்டம்பரில் நேசமணி அதில் சேர்ந்தார். அப்போது அவருக்கு வயது 52. ஓய்வை நினைக்கும் வயதில் அவர் போராட்டத்துக்குள் நுழைந்தார்.

1948 பிப்ரவரியில் திருவிதாங்கூரில் வயதுவந்தோர் வாக்குரிமையோடு தேர்தல் வந்தது. தேர்தல் நேரக் கலவரத்தில் போலீஸ் சுட்டதில் மங்காடு தேவசகாயமும் கீழ்க்குளம் செல்லையாவும் உயிர் விட்டார்கள். தேர்தலில் தமிழ்ப் பகுதியிலிருந்து 14 இடங்களைத் திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் பிடித்தது. சட்டசபையில் அக்கட்சியின் தலைவரானார் நேசமணி.

இங்கேதான் வக்கீலின் மூளை வேலை செய்ததாக நாம் கருதுகிறோம். ‘நாங்கள் தமிழர்கள், எங்களைத் தமிழ்நாட்டோடு சேருங்கள்’ என்று எத்தனை மேடையில் முழங்கினாலும், அது வழக்கில் ஒரு தரப்பின் கூற்று மட்டுமே. அதற்குச் சாட்சி வேண்டும், ஆவணம் வேண்டும். ஒவ்வொரு தேர்தலும் ஒவ்வொரு சாட்சியமாயிற்று. 1948இல் 14 இடங்கள். 1952இல் திருவிதாங்கூர்-கொச்சி சட்டசபையில் 8 இடங்கள். 1954இல் 12 இடங்கள். மக்கள் தங்கள் கையாலேயே வாக்குச் சீட்டில் எழுதிக் கொடுத்த வாக்குமூலம் இது. எந்தக் கமிஷன் வந்தாலும் இதைத் தள்ளிவைக்க முடியாது.

ஒற்றை உறுப்பினரின் பலம்

1952இல் நாகர்கோவில் தொகுதியிலிருந்து நேசமணி முதலாவது மக்களவைக்குச் சென்றார். தேர்ந்தெடுக்கப்பட்ட 489 இடங்களில் அவருடைய கட்சிக்கு இருந்தது அந்த ஓர் இடம். மாநிலங்களவையில் அதே கட்சியின் ஏ. அப்துல் ரசாக் இருந்தார். இருவர், அவ்வளவுதான்.

அதே முதலாவது மக்களவையில் நம் தீவுகளின் முதல் உறுப்பினரும் இருந்தார். கார் நிக்கோபாரைச் சேர்ந்த பிஷப் ஜான் ரிச்சர்ட்சன் அவர். தம் மக்களின் மொழிக்குப் பைபிளைக் கொண்டு வந்த பெரியவர்; அவருடைய நேர்மையைக் குறைத்துப் பேச எவராலும் முடியாது. ஆனாலும் அவரை அனுப்பியது ஜனாதிபதியின் கையெழுத்து. நேசமணியை அனுப்பியது மக்களின் கை. ஜனாதிபதி நியமித்தவருக்கு மரியாதை கிடைக்கும். மக்கள் அனுப்பியவருக்குக் கணக்குப் பார்த்துப் பதில் சொல்லியாக வேண்டிய கட்டாயம் டில்லிக்கு உண்டாகும்.

அந்தக் கட்டாயம் எங்கிருந்து வந்தது? டில்லியில் இருந்த ஒரு நாற்காலியிலிருந்து வந்ததாக நினைத்தால் ஏமாந்து போவோம். திருவனந்தபுரம் சட்டசபையில் இருந்த எட்டுப் பேரிடமிருந்து வந்தது. 1952இல் அமைந்த ஏ.ஜே. ஜான் மந்திரிசபைக்கு அவர்களுடைய ஆதரவு தேவைப்பட்டது. அவர்களில் ஒருவரான சிதம்பரநாதன் மந்திரியும் ஆனார். தமிழர் கோரிக்கை நிறைவேறாதபோது ஆதரவை விலக்கிக் கொண்டார்கள். 1953இல் அந்த மந்திரிசபை கவிழ்ந்தது. மந்திரி நாற்காலியைப் பிடித்துக்கொண்டு கோரிக்கையை மறந்து போகிறவர்களைத்தான் நாம் நிறையப் பார்த்திருக்கிறோம். கோரிக்கைக்காக நாற்காலியை விட்டு எழுந்தவர்கள் சிலரே.

இன்னொரு உண்மையையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். இந்த இயக்கம் பிளவே இல்லாமல் நடந்ததென்று எவரும் எண்ண வேண்டாம். நடுவில் கட்சியே இரண்டுபட்டது. தலைமை யாருக்கு என்ற சண்டை இருந்தது. ‘இது ஒரு சாதியின் கட்சி’ என்று எதிரிகள் ஓயாமல் சொன்னார்கள். நாஞ்சில் நாட்டு வேளாளரும், கடற்கரை மீனவரும், முஸ்லிம்களும், நாடார்களும் ஒரே கோரிக்கையின் கீழ் நின்றால்தான் அந்தக் குற்றச்சாட்டு எடுபடாமல் போகும். அப்படி நிற்கப் பல ஆண்டுகள் பிடித்தன. ஒன்றுபட்டு நின்ற பிறகே வெற்றி வந்தது.

மூணாறும் மார்த்தாண்டமும்

1953 டிசம்பரில் மத்திய அரசு, பஸல் அலி தலைமையில், எச்.என். குன்ஸ்ரு, கே.எம். பணிக்கர் ஆகியோரைக் கொண்ட மாநிலச் சீரமைப்புக் கமிஷனை அமைத்தது. வழக்கு விசாரணைக்கு வந்துவிட்டது. இந்த நேரத்தில், 1954 மார்ச்சில், பிரஜா சோஷலிஸ்ட் கட்சியின் பட்டம் தாணுப்பிள்ளை திருவிதாங்கூர்-கொச்சியின் முதல்வரானார்.

தமிழர்கள் கேட்டது தெற்குத் தாலுகாக்களை மட்டுமன்று. செங்கோட்டை, நெய்யாற்றின்கரை, சித்தூர் ஆகியவற்றையும், மலை மேலே தேவிகுளம், பீர்மேடு தாலுகாக்களையும் கேட்டார்கள். தேயிலைத் தோட்டங்களும் ஏலத் தோட்டங்களும் நிறைந்த அந்த மலைகளில் உழைத்தவர்கள் திருநெல்வேலி, மதுரை, ராமநாதபுரம் மாவட்டங்களிலிருந்து போன தமிழர்கள். அங்கே அடக்குமுறை கடுமையாயிற்று. 1954 ஜூலையில் நேசமணியும் அப்துல் ரசாக்கும் சிதம்பரநாதனும் மூணாறுக்குப் போய்த் தடையுத்தரவை மீறிக் கைதானார்கள். நாடாளுமன்ற உறுப்பினர் என்ற கௌரவத்தை வைத்துக்கொண்டு நாகர்கோவிலில் கண்டனக் கூட்டம் போட்டு நிறுத்திக் கொண்டிருக்கலாம். 59 வயது வக்கீல், தோட்டக் கூலிகளுக்காக மலையேறிப் போய்ச் சிறைப்பட்டார். அவருடைய வாழ்க்கையில் நாம் தலைவணங்கும் இடம் இதுவே.

தலைவர்கள் சிறைப்பட்டதும் கிளர்ச்சி தெற்கே பற்றிக்கொண்டது. 1954 ஆகஸ்ட் 11ஆம் தேதியை விடுதலை நாளாகக் கொண்டாடி ஊர்வலம் சென்றவர்கள் மீது மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் போலீஸ் சுட்டது. இறந்தவர்கள் கூலி வேலை செய்து பிழைத்த எளிய மனிதர்கள். சோஷலிஸ்ட் கட்சியின் ஆட்சியில் தொழிலாளி மீது துப்பாக்கி நீண்டது என்பதால், அக்கட்சியின் பொதுச் செயலாளரான ராம் மனோகர் லோகியாவே தம் கட்சி முதல்வர் ராஜிநாமாச் செய்ய வேண்டும் என்றார். பட்டம் தாணுப்பிள்ளை விலகவில்லை. அகில இந்தியாவிலும் அந்தக் கட்சி பிளந்ததற்கு இந்தச் சம்பவம் ஒரு காரணமாயிற்று. 1955 பிப்ரவரியில் அவருடைய மந்திரிசபையும் கவிழ்ந்தது.

‘மிதக்கும் மக்கள்’

1955 செப்டம்பர் 30ஆம் தேதி கமிஷன் தன் அறிக்கையைக் கொடுத்தது. தெற்கே நான்கு தாலுகாக்களையும் செங்கோட்டையையும் சென்னை மாநிலத்தோடு சேர்க்கலாம் என்றது. செங்கோட்டையிலும் கடைசியில் ஒரு பகுதி மட்டுமே வந்து திருநெல்வேலி மாவட்டத்தில் சேர்ந்தது. தேவிகுளமும் பீர்மேடும் கேரளத்துக்குப் போயின.

தேவிகுளத்தில் 1951 ஜனத்தொகைக் கணக்குப்படி தமிழரே பெரும்பான்மை. பீர்மேட்டிலும் அவர்கள் பெருந்தொகையினர். பின் ஏன் கிடைக்கவில்லை? தோட்டத் தொழிலாளர் நிலையாகத் தங்கியவர்கள் அல்லர், வந்து போகிறவர்கள் என்ற வாதம் அங்கே எடுபட்டது. மொழிக் கணக்கு தெற்கே செல்லுபடியானது, மலைமேல் செல்லுபடியாகவில்லை. தெற்கே இருந்தவன் தன் பாட்டன் பூட்டன் காலத்து மண்ணில் வாழ்ந்த குடியானவன். மலைமேல் இருந்தவன் பிழைக்கப் போனவன். காட்டை அழித்துத் தேயிலை நட்டு, அட்டைக் கடியிலும் மலைக் காய்ச்சலிலும் பிள்ளைகளைப் பறிகொடுத்து, இரண்டு மூன்று தலைமுறை அங்கேயே செத்துப் புதைந்தாலும், ஏட்டில் அவன் மிதக்கும் மனிதனாகவே இருந்தான். ஊன்றியவனாக எவரும் எழுதிக் கொள்ளவில்லை.

இதே காலத்தில் மலையாள விவசாயிகளுக்கு நிலம் கொடுத்து அந்த மலைகளில் குடியமர்த்தும் திட்டத்தை அரசு நடத்தியது. நெடுங்கண்டத்துக்கு அருகே ‘பட்டம் காலனி’ என்ற பெயர் இன்றும் அதற்குச் சாட்சி. அந்த விவசாயிகளும் ஏழைகளே. அவர்கள்மீது நமக்குப் பகை இல்லை. கேள்வி வேறு. பட்டா கொடுத்து உட்கார வைத்தால் அவன் குடியேறியவன். கூலி கொடுத்து உழைக்க வைத்தால் அவன் வந்து போகிறவன் என்பது என்ன நியாயம்? அந்தத் தீர்ப்பின் பின்விளைவை முல்லைப் பெரியாறு அணையின் பெயரால் இரண்டு மாநில மக்களும் இன்றுவரை அனுபவித்து வருகிறார்கள். அணை இருப்பது பீர்மேடு தாலுகாவில். அதன் தண்ணீரால் விளைவது தேனி, மதுரை, ராமநாதபுரம் வயல்கள்.

கூலித் தமிழன்மீது இந்த முத்திரை விழுந்தது இது முதல் தடவையும் அன்று. 1948இல் இலங்கையின் குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழர்களை இதே வாதத்தால்தான் நாடற்றவர்களாக்கியது. 1964இல் சிறிமாவோ-சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்ப முடிவு செய்தது. அப்படி அனுப்பப்பட்டவர்களில் ஒரு பகுதியினர் நம் தீவுக்கூட்டத்தின் கச்சால் தீவில் ரப்பர் தோட்டத்தில் குடியமர்த்தப்பட்டார்கள். தேயிலைத் தோட்டத்தில் ‘வந்தவன்’ என்று விரட்டப்பட்டவன் ரப்பர் தோட்டத்தில் மறுபடியும் ‘வந்தவன்’ ஆனான்.

எந்த ஆண்டு வந்தாய்?

இனி நம் கதைக்கு வருவோம். இத்தீவுகளில் காடு வெட்டவும், சாலை போடவும், துறைமுகத்தில் சுமை தூக்கவும், கட்டடம் எழுப்பவும் கப்பலேறி வந்த தமிழர்களில் மிகப் பலர், மூணாறுக்குப் போன அதே மாவட்டங்களைச் சேர்ந்தவர்கள். 2011 ஜனத்தொகைக் கணக்குப்படி தீவுகளின் 3,80,581 பேரில் ஏறத்தாழ நூற்றுக்குப் பதினைந்து பேர் தமிழைத் தாய்மொழியாகச் சொன்னவர்கள். கூட்டி எண்ணினால் நாம் சிறு கூட்டம் அல்லோம்.

ஆனால் சலுகை எதுவானாலும் இங்கே கேட்கப்படும் முதற் கேள்வி, ‘எந்த ஆண்டு வந்தாய்?’ என்பதே. ஜப்பானியர் தீவுகளைப் பிடித்த 1942க்கு முன்பா, பின்பா? அரசு அழைத்து வந்து நிலம் கொடுத்ததா, நீயாக வந்தாயா? 1949 முதல் கிழக்கு வங்காளத்திலிருந்து அகதிகளாக வந்த குடும்பங்களுக்கு நிலம் கிடைத்தது. வீடிழந்து வந்த அவர்களுக்கு அது கிடைத்தது நியாயமே. தீவுகளைக் கட்டியெழுப்பக் கூலியாக வந்த தமிழனுக்கும் தெலுங்கனுக்கும், சோட்டா நாகபுரியிலிருந்து காடு வெட்டக் கொண்டுவரப்பட்ட ராஞ்சி மக்களுக்கும் கிடைத்தது தினக்கூலி. ராஞ்சி மக்களின் நிலை நம்மைவிட மோசம். சொந்த ஊரில் பழங்குடி என்று ஏற்கப்பட்டவர்களுக்கு இங்கே அந்த அந்தஸ்தும் இல்லை.

நம் வழக்கைச் சொல்லும் இடம் எது? தீவுகளுக்குச் சட்டசபை கிடையாது. மாநிலங்களவையில் இடம் கிடையாது. மக்களவையில் ஒரே ஓர் இடம். அதற்கும் 1967இல்தான் முதல் நேரடித் தேர்தல் நடந்து கே.ஆர். கணேஷ் தேர்ந்தெடுக்கப்பட்டார். அதே 1967 தேர்தலில் நாகர்கோவிலிலிருந்து நேசமணியும் மீண்டும் வென்று அந்த அவையில் அமர்ந்திருந்தார். நேசமணிக்கு டில்லியில் ஓர் இடம் இருந்தபோது திருவனந்தபுரத்தில் எட்டும் பன்னிரண்டும் இருந்தன. நமக்கு டில்லியில் இருக்கும் ஓர் இடத்துக்குக் கீழே முட்டுக் கொடுக்கச் சட்டசபை என்ற ஒன்றே இல்லை. நகரசபையும் பஞ்சாயத்தும் ஜில்லா பரிஷத்தும் உண்டு. சட்டம் செய்யும் அதிகாரம் அவற்றுக்கு இல்லை.

ஆகவே, யார் எம்.பி. ஆனாலும், எந்தக் கட்சிக்காரர் ஆனாலும், எந்த மொழிக்காரர் ஆனாலும், அவர் ஒருவரை நம்பிக் காத்திருப்பது வீண். நேசமணியே தனியாக டில்லிக்குப் போயிருந்தால் ஒரு தாலுகாவும் வந்திராது.

செய்ய வேண்டியவை

முதலாவது, ஆவணம். தாத்தா கப்பலில் வந்த சீட்டு, வேலை உத்தரவு, பழைய ரேஷன் அட்டை, பள்ளிச் சான்றிதழ், வீட்டு வரி ரசீது என்று எது இருந்தாலும் ஒவ்வொரு குடும்பமும் பத்திரப்படுத்த வேண்டும். தகரப் பெட்டியில் கரையான் அரிக்க விட்டுவிட்டு, அதிகாரி கேட்கும்போது கையைப் பிசைவது நம் பழக்கமாகிவிட்டது. ஊன்றி வாழ்கிறோம் என்பதற்கு நம் வாய்ச்சொல் சாட்சி ஆகாது, காகிதம்தான் சாட்சி. மூணாற்றுத் தமிழனிடம் அந்தக் காகிதம் இல்லை. தோட்டத்துச் செக்ரோலில் பெயர் இருந்தது. நிலத்தின் ஏட்டில் இல்லை. நம் சங்கம் பேட்டை பேட்டையாகப் பதிவேடு ஒன்றைத் தொடங்க வேண்டும்.

இரண்டாவது, ஜனத்தொகைக் கணக்கு. 2021இல் நடக்க வேண்டிய கணக்கெடுப்பு தள்ளிப்போய் 2027க்கென அறிவிக்கப்பட்டது. கணக்கெடுப்பவர் வந்து தாய்மொழி கேட்டால், ‘வீட்டில் பிள்ளைகள் இந்தி பேசுகிறார்கள்’ என்று சொல்லி ஒதுங்காமல், தமிழ் என்று சொல்லி, அப்படியே எழுதப்பட்டதா என்று பார்க்க வேண்டும். தமிழ்வழி வகுப்புகளுக்குப் பிள்ளைகள் குறைவு என்று கைவிரிக்கப்படும் நாளில், இந்த எண்ணிக்கையைத்தான் எடுத்துக் காட்ட வேண்டியிருக்கும்.

மூன்றாவது, வக்கீல்கள். என்ஜினீயரிங், நர்சிங், அரசு உத்தியோகம் என்று பிள்ளைகளை அனுப்புகிறோம். சட்டம் படிக்க அனுப்புகிறவர்கள் எத்தனை பேர்? கல்கத்தா உயர் நீதிமன்றத்தின் சுற்று அமர்வு நம் ஊரிலேயே கூடுகிறது. சட்டக் கல்லூரியும் இங்கேயே வந்துவிட்டது. மனுவை ஆங்கிலத்திலும் இந்தியிலும் எழுதத் தெரிந்து, கட்சிக்காரனின் கஷ்டத்தைத் தமிழில் கேட்கத் தெரிந்த பத்து இளைஞர்கள் போதும். அவர்களில் ஒருவர் நாளைக்கு நகரசபைக்கும், பிறகு அதற்கு மேலும் போகட்டும். போவதற்கு முன் பதினைந்து ஆண்டு நம் மக்களின் வழக்கை நடத்தியிருக்க வேண்டும் என்பதே நம் நிபந்தனை.

நான்காவது, ஒற்றுமை. மாவட்டத்துக்கு ஒரு சங்கம், சாதிக்கு ஒரு சங்கம், கோவிலுக்கு ஒரு கமிட்டி, கமிட்டிக்கு இரண்டு தலைவர்கள் என்று இருந்தால் நம் நூற்றுக்குப் பதினைந்தை எவரும் மதிக்க மாட்டார்கள். நமக்குள் ஒற்றுமை என்பதோடு நின்றாலும் போதாது. தெலுங்கரும் ராஞ்சி மக்களும் நம்மோடு ஒரே கேள்வியைக் கேட்டுக்கொண்டிருப்பவர்கள். பழைய குடியேற்ற வங்காளியின் பேரனுக்கும் இன்று வேலை இல்லை. தேர்ந்தெடுக்கப்பட்ட சட்டசபை என்ற கோரிக்கையை எல்லா மொழிக்காரரும் சேர்ந்து எழுப்பினால்தான் அது டில்லியின் காதில் விழும். புதுச்சேரிக்கு 1963 முதல் சட்டசபை உண்டு. நமக்கு ஏன் கூடாது?

எதிர்வாதங்கள்

‘இங்கே எல்லோரும் ஒற்றுமையாக வாழ்கிறோம், மொழியின் பெயரால் பிரிவினை பேசாதீர்கள்’ என்பார்கள். இத்தீவுகளில் மக்கள் கலந்து வாழ்கிறார்கள் என்பது உண்மை, நமக்குப் பெருமையும்கூட. குமரியில் நேசமணி கேட்டது எல்லை மாற்றம். நாம் கேட்பது எல்லையை மாற்றுவதன்று. இந்த மண்ணிலேயே, இந்த மக்களோடேயே, சமமான குடிகளாக எண்ணப்பட வேண்டும் என்பதுதான். சமமாக எண்ணப்படாதவனிடம் ஒற்றுமையைப் பற்றிப் பேசுவது, முக்காலியில் உட்கார்ந்தவனிடம் சபை மரியாதையைப் பற்றிப் பேசுவது போன்றது.

‘வந்தேறிகளான நீங்கள் உரிமை பேசலாமா? இது ஜாரவாக்களின், ஓங்கிகளின், நிக்கோபாரிகளின் மண்ணல்லவா?’ என்று கேட்பவர்களும் உண்டு. இந்தக் கேள்வியை நாம் மதிக்கிறோம். 1956ஆம் ஆண்டின் ஆதிகுடிகள் பாதுகாப்பு ஒழுங்குமுறை அவர்களுக்கென ஒதுக்கிய காட்டிலும் தீவிலும் ஓர் அடிகூட நமக்கு வேண்டாம். அதைப் பறிக்க நினைக்கும் எவரோடும் நமக்கு உடன்பாடில்லை. நாம் பேசுவது, நம் பாட்டன்மார் தங்கள் கையால் கட்டிய பட்டணத்தில் நமக்குள்ள இடத்தைப் பற்றி.

‘நேசமணி கடைசியில் என்ன பெற்றார்?’ என்றும் கேட்கலாம். இணைப்பு நடந்ததும் தம் கட்சியைக் கலைத்து இந்திய தேசிய காங்கிரசில் சேர்த்தார். 1957இல் சென்னை சட்டசபைக்கும், 1962இலும் 1967இலும் மக்களவைக்கும் தேர்ந்தெடுக்கப்பட்டார். மந்திரியாகவில்லை. 1968 ஜூன் முதல் தேதி உறுப்பினராக இருக்கும்போதே காலமானார். அவர் விட்டுச் சென்ற நாகர்கோவில் தொகுதியில்தான் 1969 ஜனவரியில் காமராஜர் இடைத்தேர்தலில் நின்று வென்றார். பின்னாளில் அரசுப் போக்குவரத்துக் கழகம் ஒன்றுக்கு அவர் பெயர் வைத்தார்கள். 1997இல் தலைவர்களின் பெயர்களை நீக்கியபோது அதுவும் போயிற்று. பஸ்ஸிலிருந்து பெயர் போனாலும் மாவட்டம் போகவில்லை. குமரியில் இன்று ஒரு தமிழ்ப் பிள்ளை தன் மொழியில் படித்து, தன் மொழியில் மனுக் கொடுத்து, தன் மொழியில் பதில் பெறுகிறது. அதுவே அவர் பெற்றது.

அவர் நடத்திய வழக்கில் மலைநாட்டுப் பாதி மட்டும் தள்ளுபடியாயிற்று. தள்ளுபடியான அந்தப் பாதியில் கூறப்பட்ட காரணம், கடல் கடந்து நம்மிடமும் வந்து சேர்ந்திருக்கிறது: பிழைக்க வந்தவன் குடிமகன் ஆவானா? நம் பிள்ளைகள் இங்கே பிறந்தவர்கள். நம் பெற்றோர் இங்கே எரிந்தவர்கள், இங்கே புதைந்தவர்கள். போர்ட் பிளேயரின் பெயரையே 2024இல் ஸ்ரீ விஜயபுரம் என்று மாற்றினார்கள். ஊரின் பெயர் மாறினாலும் நம் முகவரி ஷாதிபூர்தான். இதை நாம் சொன்னால் மட்டும் போதாது, நிரூபிக்க வேண்டும். வழக்குக் கட்டை இன்றைக்கே கட்டத் தொடங்குவோம், தோழர்களே!